ஆண்டுக்கு மூன்று வராகன்

கல்லின் விலை – 8

சென்ற வாரம் இலங்கையின் இரத்தினபுரியில் இருந்தோம். நிலத்துக்காரர், உரிமம் எடுத்தவர், தண்ணீர் இறைக்கும் எந்திரம் கொடுத்தவர், குழிக்குள் இறங்கி வெட்டுபவர் என எல்லோருக்கும் அங்கே கிடைத்த கல்லில் ஒரு பங்கு உண்டு என்று பார்த்தோம். அந்தப் பங்குமுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வடக்கே ஏறி, கிருஷ்ணா நதிக்கரைக்குப் போகிறோம். உலகின் மிகப் பெயர்பெற்ற வைரங்கள் பிறந்த இடம் அது. அங்கே மண் வெட்டியவருக்குப் பங்கு கிடையாது, கூலிதான். தேர்ந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு மூன்று வராகன், அதாவது மூன்று பொற்காசு.

இந்தக் கூலிக் கணக்கை எழுதிவைத்தவர் ழான் பாப்திஸ்த் தவெர்னியே. 1605-இல் பாரிஸில் பிறந்த நகை வியாபாரி. நாற்பது ஆண்டுக் காலத்தில் ஆறு முறை கிழக்கே பயணம் செய்து, கல் வாங்கி விற்று, 1676-இல் தன் பயணங்களைப் புத்தகமாக வெளியிட்டார். கேள்விப்பட்டதையும் கண்டதையும் அவர் கலந்து எழுதியிருப்பார். அரசவைக் கதைகளில் கொஞ்சம் மிகையும் இருக்கும். ஆனால் எடை, விலை, வரி, கூலி என்று வந்துவிட்டால் அவர் வியாபாரி. அந்த இடங்களில் அவர் பேனா நிதானமாகவே நகர்கிறது.

கோல்கொண்டாவிலிருந்து ஐந்து நாள் பயணத் தொலைவில் இருந்த ராவல்கொண்டா சுரங்கத்தைப் பற்றி அவர் தரும் கணக்கு இது. ஒரு வணிகர் சுமார் இருநூறு அடிவைப்புச் சுற்றளவுள்ள இடத்தை எடுத்துக்கொண்டு அதில் ஐம்பது பேரை, அவசரமென்றால் நூறு பேரை வேலைக்கு வைப்பார். வேலை தொடங்கிய நாளிலிருந்து முடியும் நாள்வரை, ஐம்பது பேருக்கு நாளொன்றுக்கு 2 வராகன் வீதம் அரசுக்குக் கட்ட வேண்டும். நூறு பேர் என்றால் 4 வராகன். கல் கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும்.

இதையும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது பேருக்கும் சேர்த்து ஓராண்டுக் கூலி 150 வராகன். மழைக்காலத்தைக் கழித்து ஆண்டுக்கு 200 நாள்தான் வேலை நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதே ஐம்பது பேருக்காக அரசுக்குப் போனது 400 வராகன். மண் வெட்டுபவரின் உழைப்புக்குக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், அவரை வெட்ட அனுமதித்ததற்குக் கொடுத்திருக்கிறார்கள். கோல்கொண்டா வைரத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

கோட்டையில் கிடைக்காத வைரம்

ஐதராபாத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோல்கொண்டாக் கோட்டையைப் பார்த்துவிட்டு, இங்கேதான் வைரம் தோண்டினார்கள் என்று நினைத்துத் திரும்புவதுண்டு. கோட்டையிலோ அதன் அடிவாரத்திலோ வைரம் கிடைத்ததில்லை. அது குதுப் ஷாஹி சுல்தான்களின் தலைநகரம். கல் வந்து சேர்ந்த சந்தை. குழிகளில் பெரும்பாலானவை தெற்கிலும் தென்கிழக்கிலும் பல நாள் பயணத் தொலைவில் கிருஷ்ணையை ஒட்டி இருந்தன. அவற்றில் பெரியது கொல்லூர். ஆற்றின் தென்கரையில், இன்றைய ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில் இருந்த ஊர்.

இலண்டன் ராயல் சொசைட்டி 1677-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, கோல்கொண்டா அரசின் எல்லைக்குள் 23 சுரங்கங்களையும் பீஜப்பூர் அரசின் எல்லைக்குள் 15 சுரங்கங்களையும் குறிப்பிடுகிறது. ‘கோல்கொண்டா’ என்பது இத்தனைக்கும் சேர்த்து ஐரோப்பியச் சந்தையில் வழங்கிய முத்திரைப் பெயர்.

கல் இங்கே வந்த வழி நீளமானது. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் அழுத்தத்தில் கரிமம் வைரமாக இறுகுகிறது. எரிமலைக் குழாய்கள் போன்ற வெடிப்புகளின் வழியே கிம்பர்லைட் என்னும் பாறைக் குழம்பு அதை மேலே கொண்டுவந்து கொட்டுகிறது. அனந்தப்பூர் மாவட்டத்து வஜ்ரகரூரில் அத்தகைய பாறைக் குழாய்கள் இன்றும் இருக்கின்றன. பல கோடி ஆண்டுகள் மழையும் காற்றும் அரித்ததில் பாறை கரைந்துபோகும், வைரம் கரையாது. அது கூழாங்கற்களோடு உருண்டு, பழைய ஆற்றுப் படுகைகளில் தங்கிவிடும்.

இதனால் ஒரு விளைவு உண்டு. கொல்லூரில் ஆழமான சுரங்கம் தேவைப்படவில்லை. பத்து அடி, பன்னிரண்டு அடி, மிஞ்சினால் பதினான்கு அடி. அதற்குக் கீழே தண்ணீர் ஊறிவிடும். கோலார் தங்கச் சுரங்கத்தைப் போலப் பாறையை ஆழமாகக் குடைந்து, தூண் நிறுத்தி, எந்திரம் பூட்ட வேண்டியதில்லை. மண்வெட்டியும் கூடையும் உள்ள யாரும் தோண்டலாம். வாசலில் பூட்டுப் போட்டுக் காக்க முடியாத சுரங்கத்தை ஓர் அரசு எப்படிக் காக்கும்? தோண்டுகிற ஆளை எண்ணித்தான். தலைக்கு இவ்வளவு என்ற வரி அங்கிருந்து பிறந்தது.

வைரத்தைத் தேடி மனிதர் இந்த மண்ணைக் கிளறியது சுல்தான்கள் காலத்தில் தொடங்கிய வேலையும் அன்று. அர்த்தசாஸ்திரம் வைரத்தின் தரம் பார்க்க வழி சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை மணிக்கடை வீதியில் விற்ற வயிரத்துக்கு இருக்கக்கூடாத குற்றங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வாங்குபவர்களுக்கு அந்த அளவுக்குக் கண் தேர்ந்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மழை பெய்து வெள்ளம் வடிந்ததும் மக்கள் ஓடைகளில் இறங்கி வைரம் பொறுக்குவதைச் சொல்கிறார். பாம்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இறைச்சியை எறிந்து கழுகுகளைக் கொண்டு கல் எடுப்பதாக அவர் சொல்லும் இன்னொரு கதையைக் கதையாகவே விட்டுவிடலாம். முதல் செய்தி மட்டும் இன்றும் உண்மை. கர்நூல், அனந்தப்பூர் மாவட்டங்களின் சில ஊர்களில் முதல் மழை விழுந்ததும் குடும்பம் குடும்பமாக மக்கள் வயல்களில் குனிந்து தேடுகிறார்கள். கிடைத்தவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது.

முறமும் உலக்கையும்

தவெர்னியே காலத்துக் கொல்லூரில் வேலை நடந்த விதம் இது. அவருக்குச் சொல்லப்பட்ட கதையின்படி, அவர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு, தினை விதைக்க நிலம் கொத்திய ஓர் ஏழைக் குடியானவர் கையில் சுமார் 25 காரட் எடையுள்ள கல் ஒன்று சிக்கியது. ஊர் உலகம் திரண்டுவிட்டது. தான் போனபோது ஆண், பெண், குழந்தைகள் என 60,000 பேர் வேலை செய்ததாக அவர் எழுதுகிறார். அவருக்கு முன்பே, 1618 முதல் 1622 வரை மசூலிப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயர் வில்லியம் மெத்வோல்டும் சுரங்கத்துக்குப் போய்வந்தார். அவர் கணக்கில் 30,000 பேர். இந்த எண்களைக் கண்ணளவாகத்தான் கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு பட்டணத்துக்குச் சமமான கூட்டம் ஆற்றங்கரையில் மண் சுமந்தது என்பதில் ஐயமில்லை.

முதலில் தோண்ட ஓர் இடத்தைக் குறிப்பார்கள். அதன் பக்கத்திலேயே இன்னோர் இடத்தைச் சமன்செய்து, சுற்றிலும் இரண்டடி உயரச் சுவர் எழுப்பிக் களமாக்குவார்கள். சுவரின் அடியில் இரண்டடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வடிய ஓட்டைகள். இப்போதைக்கு அவை அடைக்கப்பட்டிருக்கும். பிறகு பூசை. கல்லால் ஆன சாமி சிலையை நிறுத்தி எல்லோரும் மூன்று முறை விழுந்து கும்பிடுவார்கள். பூசாரி நெற்றியில் மஞ்சள் நிறக் குழைவைப் பூசி ஏழெட்டு அரிசியை ஒட்டுவார். இலை போட்டுச் சாப்பாடு. அதன் பிறகே மண்ணில் கை வைப்பார்கள்.

ஆண்கள் வெட்டுவார்கள். பெண்களும் குழந்தைகளும் மண்ணைச் சுமந்து களத்தில் கொட்டுவார்கள். குழியில் ஊறிய தண்ணீரையே குடங்களில் இறைத்து அந்த மண்மீது ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். மண் கூழாகக் கரைந்ததும் சுவரின் ஓட்டைகளைத் திறந்தால் சேறு வழிந்து ஓடும். மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி, மணலும் பருக்கைக் கல்லும் மட்டும் மிஞ்சும்வரை கழுவுவார்கள். வெயிலில் காய்ந்தபின் கூடைகளில் அள்ளி, தானியம் தூற்றுவதைப் போலவே தூற்றுவார்கள். நொய்மண் பறந்துவிடும். மிச்சத்தைப் பரப்பிக் கட்டிகளைப் பெரிய மரக்கட்டைகளாலும் உலக்கைகளாலும் இடிப்பார்கள். மறுபடி தூற்றுவார்கள். கடைசியில் களம் முழுக்கப் பரப்பி, எல்லோரும் குனிந்து விரலால் தேடுவார்கள்.

ராவல்கொண்டாவில் வேலை வேறு. அங்கே பாறை வெடிப்புகளில், அரை விரல் அகலமும் ஒரு விரல் அகலமும் உள்ள கீற்றுகளில் மண் இருக்கும். நுனி வளைந்த இரும்புக் கம்பிகளை விட்டு அதைச் சுரண்டி எடுத்துக் கழுவுவார்கள். கீற்று திசை மாறினால் பாறையைக் கடப்பாரையால் பெயர்க்க வேண்டும். அந்த அடியில் உள்ளிருக்கும் கல்லிலும் விரிசல் விழும். அப்படிக் குற்றப்பட்ட கல்லின் குறையை மறைக்க, உள்ளூர்ப் பட்டைத் தொழிலாளர்கள் அந்த இடத்தில் சின்னச் சின்னப் பட்டைகளாகத் தீட்டிவிடுவார்கள். ஐரோப்பிய வணிகர்கள் பட்டை அதிகம் உள்ள கல்லைப் பார்த்தாலே சந்தேகப்பட்டார்கள்.

கண்ணோரத்தில் ஒரு கல்

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து காவலாட்கள் இருந்தார்கள். நாலு பேருக்கு ஒரு காவலர். தொழிலாளர் உடம்பில் இடுப்புத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. இருந்தும் கல் திருட்டு நடந்தது. சிலர் விழுங்கினார்கள். சுமார் இரண்டு காரட் கல் ஒன்றைக் கண்ணின் ஓரத்தில் செருகி ஒளித்துப் பிடிபட்ட ஒரு தொழிலாளியை வணிகர் ஒருவர் தவெர்னியேவுக்குக் காட்டியிருக்கிறார்.

நேர்மையாக ஒப்படைத்தால் என்ன கிடைக்கும்? ஏழெட்டு மஞ்சாடிக்கு மேல் எடையுள்ள பெரிய கல்லைக் கண்டெடுத்துக் கொடுப்பவருக்கு ஒரு தலைப்பாகைத் துணி, கையில் அரை வராகனோ ஒரு வராகனோ, கொஞ்சம் அரிசி, ஒரு தட்டு சர்க்கரை. அந்தக் கல்லின் விலை ஆயிரக்கணக்கான வராகனாக இருக்கும். இரத்தினபுரியின் பங்குமுறையில் தொழிலாளியின் கண் குழியின் காவலுக்கும் சேர்ந்தே உழைக்கிறது. கல் பெரிதானால் அவர் பங்கும் பெரிதாகும். கிருஷ்ணைக்கரையில் அந்தக் கண்ணுக்குப் பதில் காவலரை அமர்த்தி, அவருக்கும் கூலி கொடுத்தார்கள். தொழிலாளிக்குக் கல்லில் பங்கு எடுக்க ஒரே வழிதான் மிஞ்சியது. அதற்குத் திருட்டு என்று பெயர்.

வணிகர் மட்டும் நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. நாள் வரி ஏறிக்கொண்டே இருக்கும், கல் தென்படாது. 1677 கட்டுரையில் ஒரு கதை வருகிறது. கோவாவிலிருந்து வந்த போர்த்துகீசியர் ஒருவர் தன் சொத்தையெல்லாம் குழியில் கொட்டினார். உடுத்திய துணிவரை விற்றாயிற்று. கடைசி நாள் கூலிக்கு மட்டும் பணம் இருந்தது. அன்றும் ஒன்றும் கிடைக்காவிட்டால் குடித்துவிட நஞ்சைத் தயார்செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று மாலை பெருங்கல் ஒன்று அகப்பட்டதாம். உண்மையோ புனைவோ, சுரங்கத்துக்குப் பணம் போட்டவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதை இது. கடைசிநாள் கூலியைக் கொண்டு அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பது கதையில் இல்லை.

மரத்தடியில் பிள்ளைகள்

கல் குழியைவிட்டு வெளியே வந்ததும் வேறோர் உலகம் தொடங்குகிறது. தவெர்னியே ரசித்து எழுதிய பகுதி இதுதான். ஒவ்வொரு காலையிலும் ஊர்ச் சதுக்கத்து மரத்தடியில் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் வந்து அமர்வார்கள். பத்து வயது முதல் பதினைந்து பதினாறு வயதுவரை. இடுப்பின் ஒருபக்கம் எடைக்கற்கள் போட்ட சிறு பை, மறுபக்கம் 500, 600 பொன் வராகன் உள்ள பணப்பை. யாராவது கல் கொண்டுவந்தால் மூத்த பையனிடம் கொடுப்பார். அவன் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் தருவான். ஒருவரும் வாய் திறவாமல் கல் வட்டமாகச் சுற்றி மறுபடி மூத்தவனிடமே வரும். அதன்பிறகு அவன் விலை கேட்பான். ஏமாந்து கூடுதலாகக் கொடுத்துவிட்டால் நட்டம் அவனுடையது. மாலையில் வாங்கிய கற்களை நீரோட்டம், எடை, தெளிவு பார்த்துப் பிரித்துப் பெரிய வணிகர்களிடம் விற்று, லாபத்தைப் பங்கு போடுவார்கள். மூத்தவனுக்கு மட்டும் நூற்றுக்குக் கால் பங்கு கூடுதல்.

பெரியவர்களின் பேரமும் சத்தமில்லாததுதான். இருவரும் எதிரெதிரே அமர்வார்கள். ஒருவர் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அதன் மறைவில் மற்றவர் கையைப் பிடிப்பார். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம், விரலைப் பிடித்தால் நூறு. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். விற்பனை எதுவானாலும் அரசுக்கு நூற்றுக்கு 2 கட்ட வேண்டும்.

விலையை மறைத்ததைப் போலவே வளத்தையும் மறைத்தார்கள். ஒருநாள் மாலை அழுக்குத் துணி உடுத்திய வணிகர் ஒருவர் தவெர்னியேவைத் தேடி வந்தார். ஆள் அரவம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து, முடிக்குள் முடிந்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து 48½ காரட் கல் ஒன்றை எடுத்தாராம். அதிகாரியின் கண்ணில் பட்டால் கல் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. மெத்வோல்ட் காலத்தில் சுரங்கத்தைக் குத்தகை எடுத்திருந்தவர் பொற்கொல்லர் குலத்தவர் ஒருவர். ஆண்டுக் குத்தகை 3,00,000 வராகன். அவ்வளவு கட்டியும் பத்து காரட்டுக்கு மேற்பட்ட கல் எல்லாம் சுல்தானுக்கே. பெரிய கல் யார் கையில் இருந்தாலும் சட்டப்படி அது அரசனுடையது. ஆகவே பெரிய கல் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் திருடனாகக் கருதப்படலாம். கண்ணோரத்தில் ஒளித்த கூலியாளும் முடிக்குள் ஒளித்த வணிகரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

குத்தகைக்காரர் அமைச்சரானார்

இந்த விளையாட்டில் எல்லோரையும்விட உயரப் போனவர் மீர் ஜும்லா. பாரசீகத்திலிருந்து வைர வணிகர் ஒருவரிடம் வேலையாளாக வந்தவர். தானே வணிகரானார், சுரங்கக் குத்தகை எடுத்தார், கப்பல்கள் வாங்கினார், சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் முதலமைச்சரானார். கர்நாடகத்தின்மேல் படையெடுத்துக் கண்டிக்கோட்டையைப் பிடித்தார். தவெர்னியே அவரை அங்கே நேரில் சந்தித்திருக்கிறார். கடைசியில் சுல்தானே அவரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தபோது, 1656-இல் தன் வைரங்களோடு ஷாஜகான் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

அவர் முகலாயருக்குக் கொடுத்தவற்றில் ஒன்றுதான் ‘பெரிய முகலாயன்’ என்று பெயர்பெற்ற கொல்லூர்க் கல். பட்டை தீட்டுமுன் 787½ காரட் என்கிறார் தவெர்னியே. வெனிஸ்காரரான ஹோர்தென்சியோ போர்ஜியோ அதைத் தேய்த்துத் தேய்த்து 280 காரட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருக்குக் கூலி கிடைக்கவில்லை. 10,000 ரூபாய் தண்டம் கிடைத்தது. அதற்கு மேல் அவரிடம் பணம் இல்லாததால்தான் அதோடு விட்டார்கள் என்று எழுதும் தவெர்னியே, 1665 நவம்பரில் ஔரங்கசீப்பின் அவையில் அந்தக் கல்லைக் கையில் வைத்துப் பார்த்தவர். அவரே இங்கிருந்து கொண்டுபோய்ப் பிரான்சின் பதினான்காம் லூயிக்கு விற்ற நீலக் கல், திருடப்பட்டு, மறுபடி வெட்டப்பட்டு, இன்று ‘ஹோப்’ என்ற பெயரில் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

பவளம் கொடுத்து வைரம்

இந்தக் கற்கள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிய துறைகளில் முக்கியமானது நம்முடைய சென்னை. ஜார்ஜ் டவுனில் மண்ணடிப் பக்கம் போகிறவர்கள் பவளக்காரத் தெருவைக் கடந்திருப்பார்கள். அந்தத் தெருவின் பெயரில் இருக்கும் பவளம், வைர வணிகத்தின் மறுபாதி.

1660-களில் கிழக்கிந்தியக் கம்பெனி வைர வணிகத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அது தாராள மனத்தால் நேர்ந்ததன்று. சட்டைப் பையில் ஒளித்துக் கொண்டுபோகக்கூடிய சரக்குக்கு ஏகபோகம் கோருவதில் பயனில்லை. அனுமதித்துக் கட்டணம் வசூலிப்பதே மேல் என்று கம்பெனி கண்டுகொண்டது. உடனே இலண்டனின் போர்த்துகீசிய யூத வணிகர்கள் இறங்கினார்கள். மத்தியதரைக் கடலின் செம்பவளத்துக்கு இத்தாலியின் லிவோர்னோ பெரிய சந்தை. அங்கிருந்து பவளமும் ஸ்பானிய வெள்ளியும் சென்னைக்கு வந்தன. பவளத்தை இங்கே விற்று, அந்தப் பணத்தில் வைரம் வாங்கி இலண்டனுக்கு அனுப்பினார்கள். இவர்கள் செல்வாக்கு எவ்வளவு என்றால், 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்கள். சென்னையின் யூத வணிகர்களுள் மூத்த தலைமுறையைச் சேர்ந்த ஜாக் தெ பைவா, அதற்கு முந்தைய ஆண்டு சுரங்கப் பகுதிக்குப் போய்வந்த பயணத்தில் நோயுற்று இறந்துபோனார்.

கம்பெனியின் சென்னைக் கோட்டை கவர்னர்களும் இதில் கை நனைத்தார்கள். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை கவர்னர். வைரத்தில் பெரும்பணம் செய்தவர்களில் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த சிறு கல்லூரி ஒன்றுக்கு அவர் அனுப்பிய புத்தகங்களுக்கும் துணிமூட்டைகளுக்கும் நன்றியாக அது 1718-இல் தன்னை யேல் என்று அழைத்துக்கொண்டது.

அவரையும் மிஞ்சியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை கவர்னர். 1701 டிசம்பரில் ஜாம்சந்த் என்ற வைர வணிகர் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லோடு கோட்டைக்கு வந்தார். கேட்ட விலை 2,00,000 வராகன். மாதக்கணக்கில் பேரம் நடந்தது. வணிகர் எழுந்துபோவதும் திரும்பி வருவதுமாக, விலை இறங்கி இறங்கி, 1702-இல் 48,000 வராகனுக்கு முடிந்தது. அன்றைய ஆங்கிலப் பணத்தில் சுமார் 20,400 பவுண்டு. பிட் அதைத் தன் மகனிடம் கொடுத்து இலண்டனுக்கு அனுப்பினார். இரண்டு ஆண்டு வேலையில் கல் சுமார் 140 காரட்டாகக் குறைந்தது. வாங்க ஆள் கிடைக்க மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1717-இல், சிறுவனான பதினைந்தாம் லூயிக்காக ஆட்சி நடத்திய ஓர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜென்ட்’ என்ற பெயரில் அது இன்று லூவ்ரில் இருக்கிறது. அந்தப் பணம் நிலமாயிற்று. நிலம் நாடாளுமன்ற இருக்கையாயிற்று. பிட்டின் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள்.

கல் முறைகேடாக வந்தது என்று இலண்டனில் பேச்சு கிளம்பியது. ஊர் திரும்பும் வழியில், 1710-இல் நார்வேயின் பெர்கனில் தங்கியிருந்த பிட், தான் காசு கொடுத்தே வாங்கியதாகச் சத்தியம்செய்து எழுதிவைத்தார். மக்கள் அதைவிட இன்னொரு கதையைத்தான் நம்பினார்கள். சுரங்க அடிமை ஒருவன் தன் காலை வெட்டிக்கொண்டு, கட்டுக்குள் கல்லை ஒளித்துக் கடற்கரைக்கு ஓடினானாம். தப்புவிப்பதாகச் சொன்ன கப்பல் தலைவன் கல்லைப் பறித்துக்கொண்டு அவனைக் கடலில் தள்ளினானாம். இதற்குச் சான்று இல்லை. ஆனால் மக்கள் ஏன் நம்பினார்கள் என்பது விளங்காததன்று. கண்ணோரத்தில் கல் ஒளித்த மனிதர் கற்பனை அல்லவே.

பிட் கொடுத்த 48,000 வராகன் தவெர்னியே காலத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு 16,000 ஆண்டுக் கூலி. கல்லை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்தவர் அவர். எந்த மண்ணில் கல் இருக்கும் என்று வணிகருக்குக் காட்டியவரும் அவரே என்று தவெர்னியே எழுதுகிறார். அறிவும் அவருடையது, உடம்பும் அவருடையது. ஆனால் சுல்தானுக்கு நாள் வரி, குத்தகைக்காரருக்கு மிச்சம், அரசுக்கு விற்பனையில் நூற்றுக்கு இரண்டு, தரகருக்குத் தரகு, கம்பெனிக்குக் கட்டணம், கவர்னருக்கு ஆறு மடங்குக்கு மேல் விலை என்று வழியெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தது. பங்கு எழுதப்படாத ஒரே இடம் குழி.

1687-இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. சுரங்கங்கள் கைமாறின, எடுக்க எளிதான மண் தீர்ந்துகொண்டே வந்தது. இரண்டு நூற்றாண்டுக்குள் கொல்லூர் எங்கே இருந்தது என்பதே ஐரோப்பியருக்குக் குழப்பமாகி, தவெர்னியேவின் நூலை 1889-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நிலவியலாளர் வாலன்டைன் பால் பயண நாள்களைக் கணக்கிட்டு இடத்தை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்த ஊர் புலிச்சிந்தலா அணையின் நீருக்கடியில் இருக்கிறது.

ஆனால் கோல்கொண்டாவின் சந்தையை முடித்துவைத்தது ஔரங்கசீப்போ தீர்ந்துபோன மண்ணோ மட்டுமல்ல. பிட்டின் கல் விலைபோன பத்தாண்டுக்குள், கடலுக்கு அப்பால் பிரேசிலின் மலைப்பகுதியில் தங்கம் அரித்தவர்கள் கையில் பளிச்சிடும் கற்கள் அகப்படத் தொடங்கின. சீட்டாட்டத்தில் எண்ணிக்கைக்கு அவற்றை வைத்து விளையாடினார்கள் என்பார்கள். 1730-களில் ஐரோப்பாவில் வைரத்தின் விலை சரிந்தது. போர்த்துகீசிய அரசு அங்கே முதலில் கொண்டுவந்ததும் தலைவரிதான். ஒரு வேறுபாடு: அங்கே வரி கட்டப்பட்ட ஒவ்வொரு தலையும் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிவரப்பட்டது. அவர்களுக்கு அந்த மூன்று வராகனும் இல்லை.

(அடுத்த வாரம்: தெஜூக்கோவின் அடிமைகள்)